பூட்டிய கம்ப்யூட்டரும் அச்சக அக்காவும்

காசு கொடுத்து வாங்கிய பொருளே "நீ யார்?" என்று நம்மைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? அன்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அச்சக அக்காவுக்கும் தெரியவில்லை.

அச்சகத்தில் பக்கம் அமைப்பது அக்காவின் வேலை. குழந்தை பிறந்தபின் போக முடியவில்லை. "வீட்டுலேயே செய்யும்மா. திங்கட்கிழமைக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு பண்ணிக்க. இல்லேன்னா வேற ஆளைத்தான் போடணும்" என்றார் முதலாளி. அவசரத்தில், மூடிவிட்ட ஓர் அலுவலகத்திலிருந்து பழைய கம்ப்யூட்டரை வாங்கிவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் பாஸ்வேர்ட் கேட்கிறது. அதை விற்ற அந்த அலுவலகத்துக் கணக்கரிடம் ஃபோனில் விசாரித்தாள்.

"வேலையை விட்டுப் போன பையன் வெச்சதும்மா. எனக்கும் தெரியாதே!"

சனிக்கிழமை முழுக்க வீடே அதோடு மல்லுக்கட்டியது. லாரி ஓட்டும் கணவர் தட்டியதைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, முன்னப்பின்ன தெரியாதவன் உங்க லாரி நம்பரை எதுக்குங்க வைக்கப் போறான்?"

"ஒரு நப்பாசைதான்."

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஊரான் வீட்டுப் பூட்டுல நம்ம சாவியைப் போட்டுத் திருகுனா வெளங்குமாடா? ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போ!"

மறுநாள் கடைக்காரர் முதலில் ரசீதைக் கேட்டார். பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறது உங்களுக்கு வேணுமா?" என்றார்.

அக்கா விழித்தாள். "உள்ள என்னுது ஒண்ணுமே இல்லையே!"

"அப்புறம் எதுக்கு அந்தப் பாஸ்வேர்டைப் பிடிச்சுத் தொங்கறீங்க? எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தர்றேன்."

"போடுங்க, போடுங்க" என்று கணவர் பறந்தார்.

"இருங்கண்ணே" என்று அக்கா கடைக்காரரைத் தடுத்தாள். "என்னுது இல்ல, சரி. அவங்களுது இருந்தா?"

மறுபடி கணக்கருக்கு ஃபோன். அவர் குரலே மாறிவிட்டது. "நல்லவேளை கேட்டீங்கம்மா! வேலை பார்த்தவங்களோட அனுபவச் சான்றிதழெல்லாம் அதுலதான் மாட்டிக்கிட்டிருக்கு. எடுக்க முடியுமா?"

கடைக்காரர் உள்ளிருந்த டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். கணக்கர் சொன்ன கோப்புகளை ஒரு பென்டிரைவில் ஏற்றி எடுத்து வைத்தார். பிறகுதான் மற்றதையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை, ஒரு கையில் குழந்தை, மறு கையில் மவுஸ் என்று அக்கா முதல் பக்கத்தை அமைத்துக்கொண்டிருந்தாள். "பாட்டுகூட வருமா இதுல?" என்று மாமியார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்கள் காதில் போடுங்கள். காசை நீட்டுமுன் விற்பவரையே திறந்து காட்டச் சொல்லட்டும். திறக்க வழியில்லை என்றால், அழிக்குமுன் அவரை ஒரு வார்த்தை கேட்கட்டும்.