தூரத்திலிருந்து எடுக்கிற கேமரா

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கேமரா கடைக்குள் ஓடாத குறையாக நுழைந்தேன். அப்பாவுக்கு வாயில் புற்று. மறுநாள் மதியம் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கீழ்த்தாடையில் பாதியை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அப்பா சிரிக்கிற மாதிரி ஒரு படம் எனக்கு வேண்டும். இருக்கிற படமெல்லாம் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் முறைத்தவை.

“என்ன விசேஷத்துக்குங்கக்கா? காதுகுத்தா, கல்யாணமா?” என்றார் கடைக்காரர்.

அவர் பாட்டுக்கு மெகாபிக்சல் என்றார், வீடியோ என்றார், பெரிய ஃபிளாஷ் ஒன்றைப் பளிச்சென்று அடித்தும் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெளிச்சமே அடிக்கக் கூடாதுங்க. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கம் இருக்கறவரு மூஞ்சிய எடுக்கணும். அவருக்குத் தெரியக் கூடாது.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போலீசைக் கூப்பிடாமல் விட்டாரே, அதுவே பெரிசு.

எங்கள் வீடுகளில் சுவரில் படம் மாட்டுவது செத்தவர்களுக்குத்தான். சீக்காளியைப் படம் எடுத்தால் எதற்கென்று எல்லாருக்கும் புரிந்துவிடும். முந்தின நாள் நான் போனைத் தூக்கியதற்கே, “எதுக்குடி இப்ப? மாலை போடவா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். தள்ளி நின்று எடுத்தாலோ, என் போனில் முகம் குழைந்த பருப்பு மாதிரி வருகிறது. கடைசியில் உள்ளங்கை அளவில், லென்ஸ் மட்டும் நீளமாக வெளியே வருகிற ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு, எறையூர் பஸ் ஏறினேன். சாமி, ஒரே ஒரு சிரிப்பு போதும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தேன்.

காலையில் அப்பா டீக்கடை பெஞ்சில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தார். அங்கேதான் அவர் வாய்விட்டுச் சிரிப்பார். எதிரே நின்ற கரும்பு டிராக்டருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். யாரோ எதையோ சொல்ல, அப்பாவின் துண்டு மெல்ல விலகியது. அந்த நேரம் பார்த்து அவர் கண் நேரே என் லென்சுக்கு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்பா கூட்டாளிகளைத் தள்ளி உட்காரச் சொன்னார். துண்டை எடுத்து மடியில் வைத்தார். கையாலேயே தலையைப் படியவாரிக்கொண்டு, அதே ரேஷன் கார்டு முறைப்பு முறைத்தார். வேறு என்ன செய்ய? அழுத்தினேன். பிறகு அவரே ரோட்டைத் தாண்டி வந்தார்.

“நல்லா வுழுந்துச்சா பாப்பா? மாலை போட கழுத்துக்குக் கீழ எடம் வுட்டு எடுத்தியா?”

“யப்பா! வாய மூடுப்பா!” என்று நடுரோட்டில் கத்திவிட்டேன்.

“அதுக்குத்தான மத்தியானம் திருச்சிக்குப் போறோம்” என்று சொல்லி, அப்பா வாய் கொள்ளாமல் சிரித்தார்.

அந்த வாயோடு அவர் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான். கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது. நான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.