நகர்ந்த சிவப்புக் கோடு

பிள்ளைகளா, உங்கள் அப்பாவான நான் ஒருமுறை ஒரு நல்ல மனுஷனுடைய வேலைக்கு ஆபத்தாக இருந்தேன். அதை நானே சொல்லிவிடுவதுதான் சரி.

அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரிசி மில்லில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல் அவிக்கும் நீராவி நூறு பவுண்டு அழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அழுத்தம் காட்டும் கேஜில், நூறுக்கு நேராகக் கண்ணாடிமேல் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். எண்கள் மங்கிய பழைய கேஜ். முள் கோட்டைத் தொட்டால் தீயைக் குறைப்போம், அவ்வளவுதான்.

ஒரு நாள் உற்றுப் பார்த்தேன். கோடு நூற்றுப்பத்தில் நின்றது. நான்கு நாள் கழித்து இன்னும் சற்றுத் தள்ளி.

எனக்கு முந்தைய காலை ஷிப்டுக்காரர் ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவர், என்னைவிட மூத்தவர். அழுத்தம் ஏறினால் நெல் சீக்கிரம் வேகும், அவரும் மதிய ரயிலைப் பிடிக்கலாம். கோட்டை அவர்தான் அழித்து மாற்றி வரைகிறார் என்றே முடிவுகட்டினேன். பாய்லர் வெடித்தால் ஷிப்டு பார்த்தா வெடிக்கும்? மூத்தவளே, நீ அப்போது கைக்குழந்தை.

எனக்காக அவர் எடுத்துவைக்கும் கருவாட்டுக் குழம்பைத் தொடாமல் விட்டேன். "இன்னாபா, மொகத்தத் திருப்பிக்கினு போற?" என்றார்.

வருடாந்திரச் சோதனைக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். யாரோ கோட்டை மாற்றுவதாக அவரிடம் சொன்னேன். யார் என்று கேட்டார். வாயால் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற காலை ஷிப்டுக்காரரைப் பார்த்தேன். மில் மேனேஜரும் அவரைப் பார்த்தார். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் துணியால் கண்ணாடியை ஒரு சுற்றுத் துடைத்தார். துணியோடு கண்ணாடியும் திரும்பியது, கோடும் நகர்ந்தது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பித்தளை வளையம் தளர்ந்திருந்தது.

"தினமும் இதை யார் துடைக்கிறது?"

"நான்தான் சார்."

வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக, பளபளவென்று இருக்க வேண்டும் என்று அழுத்தித் துடைப்பேன்.

வளையத்தை முறுக்கி, கோட்டைக் கண்ணாடிக்கு உள்ளே எண் தட்டிலேயே போடச் சொல்லிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். ஆரம்பாக்கத்துக்காரர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "நல்லாத் தொடச்சபா" என்றார். ரயிலுக்கு நடந்தார்.

எல்லோரும் போன பிறகு நூறுக்கு நேராகத் தட்டில் கோடு போட்டேன். கண்ணாடியை மாட்டி வளையத்தை இறுக்கினேன். கண்ணாடி மறுபடி திரும்பினால் தெரியட்டும் என்று, கண்ணாடியிலிருந்து வளையம் வரை ஒரு சின்னக் கோடும் இழுத்தேன். பெயிண்ட் காய்ந்ததும் துணியை எடுத்து, வழக்கம்போல அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். கோடு நகரவில்லை.