மீனுக்குக் கண் தைக்காத திரை

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒன்றரை அறை. அந்த அரையில் விறகும் கரியும் அரிசி டின்னும் கிடந்தன. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவருடைய மேலதிகாரி, ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், எங்களைக் கேக் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த வீட்டில் குழந்தைக்கென்றே ஓர் அறை. அதன் சன்னலில் படகுப் படம் போட்ட திரை. எங்கள் ஆறு வயது மகள் கேக்கை வாயில் அடக்கிக்கொண்டு அந்தத் திரையை இழுப்பதும் விடுவதுமாகவே இருந்தாள். கிளம்பும்போது அவளைத் திரையிலிருந்து பிய்த்து எடுக்கவேண்டியிருந்தது.

அன்றிலிருந்து ஒரே நச்சரிப்பு. "எனக்கும் ரூம்மு வேணும். இஸ்து வுடற துணி வேணும்."

"உங்கப்பன் கப்பலா ஓட்டறாரு?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விறகைச் சமையல் மூலைக்கு மாற்றிவிட்டு அரை அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். சன்னல் தாழ்வானது, மேற்கைப் பார்த்தது. அதனடியில் அவளுக்குப் பாய் போட்டோம். திரை என் பொறுப்பு என்று அவர் சொல்லிவிட்டார். எனக்குத் தையல் அவ்வளவாக வராது. ஆனால் வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

நைந்துபோன கருநீலப் புடவை ஒன்று இருந்தது. நைந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்ல பக்கத்தை எடுத்துக்கொண்டேன். பழைய ரவிக்கைகளிலிருந்து ஏழெட்டு மீன் வெட்டினேன். மஞ்சள் மீன் ஒன்று, மற்றதெல்லாம் சிவப்பு. சட்டைப் பொத்தானைக் கண்ணாக வைத்துத் தைப்பதாக யோசனை. மஞ்சள் மீனை முதலில் தைக்க எடுத்து வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்துவிட்டாள். உடம்பு கொதித்தது, இருமல், கண் இரண்டும் சிவந்திருந்தன. வெயிலில் ஆடியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளைப் பாயில் படுக்கவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து மஞ்சள் மீனின் முதுகுப் பக்கம் நாலு தையல் போட்டு முடிந்து, கண் தைக்க மறுபடி நூல் கோத்தேன்.

அடுத்த வீட்டு அக்கா மீன் விற்றுவிட்டுத் திரும்பும் நேரம் அது. கடற்கரைக் குப்பத்து ஆள். கூடையோடு என் வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பேசிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். அன்று உள்ளே எட்டிப் பார்த்தவள் கூடையைத் தெருவிலேயே இறக்கிவிட்டாள்.

"இன்னாமே, புள்ளைக்கு காது பின்னால பாரு."

பார்த்தேன். மணல் தூவியதுபோலச் சிவப்பாகப் பொடிப்பொடியாக இருந்தது.

"ஆத்தா வந்துகிறா," என்றாள். உடனே என் கையைப் பார்த்தாள். "ஊசியா புடிச்சிக்கினு கீற? அம்மை வூட்டுல ஊசி எடுத்தா புள்ள கண்ணுல குத்தனா மாதிரி. எடுத்தும்போய் வெளிய போட்டுடு. நான் கவிச்சியோட கீறேன், உள்ள வரமாட்டேன்."

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் அது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, ஊசி எடுக்கக் கூடாது. எனக்கும் தெரியும். வெறும் காய்ச்சல் என்று நினைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். துணியை உதறித் தள்ளிவிட்டு எழுந்தேன். எழுந்தபோது கையில் ஊசி இல்லை. பாயில் தடவினேன், மடியை உதறினேன், இல்லை. பின்பக்கம் போய் முந்தானையையும் உதறிவிட்டு வந்தேன், அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போட்டுட்டியா?"

"பின்பக்கமா சந்துல போட்டுட்டேன்கா," என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பயத்தில் வாய் தானாக முந்திக்கொண்டது. அவள் வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் என் கணவர் தெருமுனை டாக்டரை அழைத்துவந்தார். மணல்வாரி அம்மைதான் என்றார் டாக்டர். கண்ணைத்தான் கவனிக்க வேண்டும், வெளிச்சமே படக் கூடாது, நன்றாக இருட்டாக வையுங்கள், கண்ணில் புண் வந்துவிட்டால் பார்வைக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சன்னலின் இரண்டு கதவுப் பலகைகளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மேற்கு வெயில் அடுத்த நாள் நேராகப் பாயில் விழும். வீட்டில் இருந்த ஒரே கனத்த துணி அந்தப் பாதித் திரை.

தைக்காமல் திரையை எப்படித் தொங்கவிடுவது? புளியங்கொட்டைகளை எடுத்துவந்தேன். துணியின் மேல் ஓரத்தில் ஒவ்வொரு கொட்டையாக வைத்து, துணியோடு சேர்த்துப் பிடித்து, அக்கா எப்போதோ கொடுத்திருந்த வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். குமிழ் குமிழாக நின்றன. கயிற்றின் மிச்சத்தை வளையமாக முடிந்து குறுக்குக் கம்பியில் கோத்துவிட்டேன். சோற்றைக் குழைத்துச் சிவப்பு மீன்களை ஒட்டினேன். அந்த நேரத்தில் மீன் எதற்கு என்று யாராவது கேட்கலாம். கண் திறந்ததும் அவள் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகத் தோன்றியது. மஞ்சள் மீனை மட்டும் நான் தொடவில்லை. ஊசி பட்ட மீன் அது. தொடவே கை கூசியது.

அவரிடம் மட்டும் ஊசி காணாமல்போனதைச் சொன்னேன். "ஊசி இன்னா பண்ணும்? அதுக்கு வேற வேலை இல்லியா?" என்று கேலி செய்தார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது சட்டைப் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் முட்டி போட்டு, தரை முழுவதும், பாயின் ஓரம், அரிசி டின்னின் அடி, சமையல் மூலை என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கொண்டை ஊசி ஒன்றும் துருப்பிடித்த ஆணி ஒன்றும் கிடைத்தன. என் ஊசி கிடைக்கவில்லை. அவரும் பயந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பயம் இரண்டு மடங்காயிற்று.

மூன்றாம் நாள் அவள் இமைகள் சீழில் ஒட்டிக்கொண்டன. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் துடைப்பேன், மறுபடி ஒட்டிக்கொள்ளும். வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தைத்த அந்த நாலு தையலை மனசுக்குள் எண்ணுவேன். ஒவ்வொன்றும் அவள் கண்ணில் இறங்கியதாகத் தோன்றும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று இப்போது என் பேத்தி சொல்கிறாள். சொல்லட்டும். அவள் அந்தப் பாயில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் உச்சி வெயில். வெளியே தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் மெதுவாகக் கேட்டாள்:

"ராவாயிடுச்சாம்மா? வெளக்கு ஏத்தல?"

திரை போட்டதால் இருட்டா, இமை ஒட்டியதால் இருட்டா, இல்லை அவளுக்குப் பார்வையே போய்விட்டதா? திரையை ஒரு விரற்கடை விலக்கினால் தெரிந்துவிடும். விலக்கினால் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடுமோ என்று பயம். அதைவிட, தெரிந்துவிடுமே என்ற பயம். "ஆமா கண்ணு, ராத்திரிதான், தூங்கு," என்று இன்னொரு பொய் சொன்னேன். நானே கட்டிய திரை என் குழந்தைக்கும் எனக்கும் நடுவில் நின்றது. அதைக் கிழித்து எறிய வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

ஏழாம் நாள், அம்மை இறங்குவதற்கு ஊற்றும் முதல் தண்ணீர். அக்கா வியாபாரத்துக்குப் போகாமல், தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச்சொட்ட வந்தாள். வெயிலில் காயவைத்த மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டு இரண்டு பேருமாகக் குழந்தைக்கு ஊற்றினோம். இமைகளை அக்காதான் கழுவினாள். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டேன். துவட்டி, பழைய வேட்டி சுற்றி, மறுபடி சன்னலடியில் படுக்கவைத்தோம். பாயைச் சுற்றி இருட்டு, திரையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது.

அவள் இமைகளைப் பிரித்தாள். மேலே பார்த்தபடி கிடந்தாள். நான் அவள் முகத்துக்கு நேராக விரலை ஆட்டினேன். கண் அசையவில்லை. "பாப்பா, அம்மா தெரியறேனா?" என்றேன். விரலை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். என் பின்னால் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

"கைய எடும்மா," என்றாள் மகள். "மறைக்குது. மஞ்ச மீனு வவுத்துல ஊசி கீது."

நான் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வந்து, தரையில் படுத்து, குழந்தையின் தலையோடு தலையை வைத்து மேலே பார்த்தாள். அப்புறம் எழுந்து, தைக்காமல் விட்டிருந்த மீனின் வயிற்றுப் பக்கம் இரண்டு விரலை விட்டு ஊசியை உருவினாள். மஞ்சள் நூல் கூடவே வந்தது. துணியை உதறித் தள்ளியபோது நானே அதில் குத்தியிருக்கிறேன். ஏழு நாளும் அது அவள் தலைமாட்டிலேயே தொங்கியிருக்கிறது. தொடப் பயந்ததால் எனக்குக் கிடைக்கவில்லை. படுத்துக் கிடந்தவளுக்கு மட்டும் தெரிந்தது.

சந்தில் போட்டுவிட்டதாகச் சொன்ன பொய்யும் அந்த ஊசியோடு வெளியே வந்துவிட்டது. என்னால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டாள்.

"இத்தினி சின்ன ஊசி தெரியுதே புள்ளைக்கு. அப்பால இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள். அழுகிறேன் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வாசலிலிருந்த வேப்பிலையை எடுத்த மறுநாள், அக்கா மீன் கூடையோடு வழக்கம்போல வந்து நின்றாள். வீட்டில் தாளிப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. முந்தானையிலிருந்து ஊசியை எடுத்து, அதே மஞ்சள் நூலோடு, என்னிடம் நீட்டினாள்.

"இப்ப வைமே, அந்த மீனுக்கு கண்ணு."