பக்கத்து சீட்டுக்காரர்

இன்னைக்கு ஒகேனக்கல் பஸ்ல பக்கத்துல இருந்தவர் கேட்டார்: "போன் இருட்டாதானே இருக்குது, அதுல என்னங்க தட்டறீங்க?"

எனக்குப் பார்வை இல்லீங்க, வெளிச்சம் எதுக்குன்னேன். கேம் ஆடறேன்னேன்.

"கண்ணில்லாம கேமா?"

எனக்குச் சந்தோஷமாயிடுச்சு. இந்த வாரந்தான் கத்துக்கிட்டேன், சொல்ல ஆளில்ல. படமே கிடையாதுங்க, எல்லாம் எழுத்து, போன் காதுல படிச்சுச் சொல்லும். நார்த்னு அடிச்சா வடக்கே போவோம். எந்தெந்த ஊர்லயோ இருக்கறவங்கல்லாம் நம்மகூட சேந்து ஆடறாங்க. நாம நிக்கற எடத்துக்கு யார் வந்தாலும், அங்கிருந்து யார் போனாலும், உடனே ஒரு வரி வந்துடும்.

பென்னாகரம் தாண்டி மலை எறங்கற வரைக்கும் சொல்லிட்டே வந்தேன்.

கண்டக்டர் தோளைத் தொட்டார். "யார்கிட்டங்க பேசறீங்க? அவரு பென்னாகரத்துலயே எறங்கிட்டாரு."

சுத்தியும் ஆளுங்க இருந்தாங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தெறக்கல. இப்ப பின்னாடி யாரோ சிரிச்சாங்க.

எண்பதுகள்ல, சின்ன வயசுல கண்ணு போனதுலேர்ந்து காலி சீட்டுகிட்ட நெறைய பேசியிருக்கேன். பழகிப்போச்சு. இந்தக் கேம்தான், போறவங்க சொல்லிட்டுப் போவாங்கன்னு நம்ப வச்சுக் கெடுத்துடுச்சு.

இதைப் படிச்சுட்டுப் போறவங்க, போறேன்னு ஒரு வார்த்தை எழுதிட்டுப் போங்க.