சோளத்துக்குக் கவிழ்த்த வாளிகள்

துணி துவைக்கும் இயந்திரத்தின் அடியில் மறுபடியும் நாலைந்து சோள முத்துகள் கிடந்தன. என் மகள் ரவாங்கில் கோழித்தீவனத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காற்சட்டைப் பையைத் தட்டிவிட்டுப் போடு என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கொஞ்சம் தூசி, கொஞ்சம் சாக்கு வாசனை.

"இது கப்பல்ல வர்ற ஜீன் மாத்துன சோளம்மா. வெளிநாட்டுல நெறைய எடத்துல இதான் போடுறாங்க. காடு பூரா மருந்து அடிச்சாலும் புல்லுதான் சாகும், இது சாகாது" என்றாள், தோசையைப் பிய்த்தபடி.

மருந்து என்ற ஒரு சொல் போதும். நான் கோலசிலாங்கூர்த் தோட்டத்துக்கே போய்விடுவேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அங்கே புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களோடு நானும் இருந்தேன். முதுகில் பம்பு, என்னைவிட அதுதான் கனம். நடக்க நடக்க உள்ளே தளும்பும் சத்தம் இருக்கிறதே, இன்றைக்கும் கண் சொக்குகிற நேரத்தில் கேட்கும். இடுப்புயரச் செம்பனைக் கன்றுகள், அவற்றின் மேல் காலைப் பனி, பனிக்குள் எங்கள் சிரிப்பு. எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன் பாருங்கள். ராசம்மா அக்காவைத்தான் சொல்ல வந்தேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மருந்து வாடை அக்காவுக்கு ஆகவே ஆகாது, மூச்சு இழுக்கும். கன்றுகளுக்கு நடுவே சோளம் போட்டுக்கொள்ளத் தோட்டத்தில் விட்டிருந்தார்கள். அவளும் போட்டாள். விளைந்தால் ரோட்டோரம் அவித்து விற்கலாம், பம்பைக் கழற்றி எறியலாம். அவ்வளவுதான் அவள் ஆசை.

சோளம் ஒரு சாண் வளர்ந்திருந்தபோது எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்தார். "நாளைக்கு இந்த பீல்டு பூரா அடிக்கணும். தொரை உத்தரவு." அடிக்கிற கூட்டத்தில் அக்காவும் ஒருத்தி. அவள் சோளத்தை அவளே கொல்ல வேண்டும்.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? லயமே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. குளிக்கிற வாளி, சோற்றுப்பானை, பிள்ளை குளிப்பாட்டும் பேசின், பிஸ்கட் டின். செடிக்கு ஒன்றாகக் கவிழ்த்தோம். ஒரு வரிசை அடித்து முடிந்ததும் எடுத்து அடுத்த வரிசைக்கு வைத்தோம். வெயில் ஏற ஏறச் சிவப்பும் நீலமும் அலுமினியமுமாக அந்தக் காடே கனவு மாதிரி மிதந்தது.

"என்னாடி இது, பாத்திரக் கடையா?" என்றார் மண்டோர்.

"பாத்துக்கிட்டு நிக்காதீங்க லா, தொப்பியக் குடுங்க" என்றாள் அக்கா. கொடுத்துவிட்டார் மனுஷன்! வழுக்கை மின்ன அங்கேயே நின்றார்.

கடைசி இரண்டு வரிசைக்கு வரும்போது எல்லோருக்கும் களைப்பு. கைக்கு எட்டியதைக் கவிழ்ப்போம் என்று, மருந்து கலக்கும் வாளிகளையே அலசிக் கவிழ்த்துவிட்டாள் அக்கா. யாருக்கும் உறைக்கவில்லை. சில நாளில் அந்தச் செடிகள் மட்டும் மஞ்சளாகிச் சுருண்டன. "நானே ஊத்திக் குடுத்துட்டேனேடி!" என்று மண்ணில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மற்ற வரிசைகள் பிழைத்துக்கொண்டன. காட்டுக்குப் போய் மருந்து பட்டு வந்த வாளிகளில்தான் நாங்களும் அன்றைக்குக் குளித்தோம். எங்கள் புத்தியை என்ன சொல்ல!

அக்கா சோளம் விற்றாள். பம்பை அதற்குப் பிறகு தொடவேயில்லை. ரோட்டோரம் ஆவிக்குள் அவள் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

பிறகு தோட்டம் கைமாறியது. லயத்தை இடித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் போனோம், அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது மருந்திலிருந்து காக்கும் காப்பை விதைக்குள்ளேயே வைத்துவிட்டார்களாம். நல்லதுதானே, இனி எந்த ராசம்மாவும் அழ வேண்டாம்.

இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்து எத்தனையோ வருஷமாகிறது. போன மாதம் தண்ணீர் வெட்டு. பக்கத்து வீட்டில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாளியை எடுத்துக்கொண்டு அவர்கள் கேட்வரை போனேன். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறும் வாளியோடு திரும்பி வந்தேன்.