அரிசிப் பையும் இருநூறு மீட்டரும்

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டில் அரிசி காணாமல் போனது.

ஜெர்மனியின் எர்லாங்கனில் வீடு புகுந்து சிவப்புப் புழுங்கலரிசியை மட்டும் எடுத்துப் போகும் திருடன் உண்டா? வாளியைத் திறந்தால் அடியில்தான் கொஞ்சம் கிடக்கிறது. பிள்ளைகள் ஒருவர் ஆஹெனிலும் மற்றவர் மியூனிக்கிலும் படிக்கிறார்கள். வீட்டில் நானும் என் கணவர் அன்ரனும் மட்டும்தான். ஆக, விசாரிக்க அதிக ஆளில்லை.

"இஞ்சேருங்கோ, வாளிக்குள்ளை இருந்த அரிசி எங்கை?"

"அதைத் தைச்சிட்டன்" என்றார் அமைதியாக.

அரிசியை அவிப்பார்கள், இடிப்பார்கள், வறுப்பார்கள். தைத்தவரை நான் கண்டதில்லை. போய்ப் பார்த்தால், மேசையில் அவருடைய பழைய ஜீன்ஸின் ஒரு கால். இரண்டு முனையும் தைத்து, உள்ளே என் அரிசி. சுடும்போது துப்பாக்கியை அதன் மேல் வைத்தால் ஆடாதாம். கடையில் இதற்கென்றே பை விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு ஊசியும் நூலும் எடுத்துவிட்டார்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். அன்ரன் மன்னார்க்காரர், நகரப் பேருந்து ஓட்டுநர், பிரேக் போட்டால் நிற்பவர் விழாத அளவுக்குச் சாது. சில வருடங்களுக்கு முன் வேட்டை உரிமத்துக்கான பரீட்சை எழுதினார். சட்டம், மிருகங்களின் நோய், மரங்களின் பெயர் என்று அத்தனையும் படித்துத் தேறினார். ஓய்வுபெற்ற வேட்டைக்காரர் ஒருவரிடம் பழைய துப்பாக்கி ஒன்றும் வாங்கினார். அது இருக்கும் இரும்பு அலுமாரியின் திறப்பை உரிமம் இல்லாத நான் தொடவே கூடாது என்பது சட்டம். என் வீட்டில் நான் திறக்க முடியாத ஒரே அலுமாரி!

அந்தத் துப்பாக்கி வந்த நாளில் எனக்குக் கோபம் வந்தது. பயமும்தான்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்?"

"அது மனிசருக்கு வைச்ச துவக்கு. இது காட்டுப் பண்டிக்கு" என்றார். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. சில விஷயங்களைப் பேசாமல் விடுவதில் நாங்கள் இருவருமே கெட்டிக்காரர்கள்.

சரி, அரிசிக்கு வருவோம். ஊருக்கு வெளியே, மீன் குளங்களைத் தாண்டி ஒரு பெரிய சோளக்காடு. அதைச் சுற்றிய வேட்டை உரிமை திருமதி ஹோல்ஸ்னருடையது. அறுபதைத் தாண்டியவர், வார்த்தையை அளந்து பேசுபவர். காட்டுப்பன்றிகள் இறங்கினால் ஒரே இரவில் வயலை உழுதுவிடும். விவசாயிக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர் இவர். அதனால் அங்கே உட்கார்ந்து காவல் பார்க்க அன்ரனுக்கு ஒரு பரண் கொடுத்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், பன்றிகள் காட்டிலிருந்து வெளியே வரும் இடம் அந்தப் பரணிலிருந்து இருநூறு மீட்டர். அன்ரன் நூறு மீட்டரில் ஒருவாறு சமாளிப்பார். இருநூறில்... அவருக்கே தெரியாது எங்கே படும் என்று. அடிபட்ட மிருகம் காட்டுக்குள் ஓடிக் கிடந்து சாகக் கூடாது. வேட்டைக்காரர்களுக்கு அது பெரிய அவமானம். எனவே திருமதி ஹோல்ஸ்னர் சொல்லிவிட்டார்: சோளம் பால் கட்டுவதற்குள் இருநூறு மீட்டரில் ஐந்து தோட்டாவையும் தேநீர்க் கோப்பையின் தட்டு அளவுக்குள் போட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பரண் வேறொருவருக்கு.

அன்ரனுக்கு அந்தப் பரண் என்றால் உயிர். நாள் முழுக்க "அடுத்த நிறுத்தம்" கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒன்றுமே கேட்காத இடம் அது ஒன்றுதான். பன்றி வராத நாட்களில்தான் அவர் சந்தோஷமாகத் திரும்பி வருவார் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. "புது ஸ்கோப் ஒண்டு போடும், அன்ரன். கண்ணாடிதான் எல்லாம்" என்றார், தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது எங்களுக்குத் தெரிந்த ஸ்டீபன் அண்ணை. துப்பாக்கியின் மேல் பூட்டிக் குறி பார்க்கும் அந்த ஸ்கோப்பின் விலைக்கு நாங்கள் இன்னொரு கார் வாங்கலாம். (ஸ்டீபன் அண்ணைக்கு வேட்டை உரிமம் இல்லை. துப்பாக்கியைப் பற்றி எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.)

அன்ரன் செலவில்லாத வழிகளில் இறங்கினார். சைக்கிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு இன்ஜினியரிடம் அளவாக முறுக்கும் ஸ்பேனர் கடன் வாங்கி, ஸ்கோப்பின் ஆணிகளையும் துப்பாக்கியின் மரக்கட்டை ஆணிகளையும் ஒரே சீராக இறுக்கினார். குழலுக்குள் வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்த செம்புக் கறையை மருந்து போட்டுத் தேய்த்து எடுத்தார். வீடு முழுக்க நாற்றம்... மீன் பொரித்தால் முறைப்பவர் இவர்தான்! பிறகு மற்ற வேட்டைக்காரர்களோடு பங்கு போட்டு வேறு வேறு தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தன் துப்பாக்கிக்குப் பிடித்த வகையைக் கண்டுபிடித்தார். விலை கூடிய தோட்டாதான் நன்றாகச் சுடும் என்றில்லையாம். மலிவானது ஒன்றுதான் அதற்குப் பொருந்தியது. கடைசியாக, என் அரிசி.

வீட்டில் போலித் தோட்டாவைப் போட்டுப் பயிற்சி. குழலின் நுனியில் ஒரு சில்லறைக் காசை வைத்து விசையை அழுத்துவார். டிக். காசு அசையாது. நானே பார்த்தேன். சுடுதளத்துக்குப் போனால் மட்டும் தோட்டாக்கள் தட்டு அளவுக்குப் பதில் தாம்பாளம் அளவுக்குச் சிதறும்.

"வீட்டிலை அசையேல்லை. அங்கைதான் பிழைக்குது. துவக்கிலைதான் ஏதோ கிடக்கு" என்றார். முகம் வாடியிருந்தது.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். திருமதி ஹோல்ஸ்னரும் வந்திருந்தார். எனக்கு ஒரு காது மூடி கொடுத்து, பின்னால் உட்காரச் சொன்னார்கள். அரிசிப் பையை அழுத்திப் பார்த்த திருமதி ஹோல்ஸ்னர், "இது நல்ல யோசனை" என்றார். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. பிறகு, "இன்று தோட்டாவை நான் போட்டுத் தருகிறேன்" என்றார்.

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது வெடித்தது. மூன்றாவது – டிக். சத்தமே இல்லை. போலியை அவர் சொல்லாமல் போட்டிருக்கிறார்.

ஆனால் அன்ரன்? கண்ணை இறுக மூடி, தோளைச் சுருக்கி, தலையைத் தாழ்த்தி, துப்பாக்கியின் முனையையே கீழே அழுத்திவிட்டார். வராத சத்தத்துக்கு.

திருமதி ஹோல்ஸ்னர், "துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்று, அந்தப் பின்னுதைக்குப் பயப்படுகிறீர்கள். எல்லோருக்கும் வருவதுதான்" என்றார். அன்ரன் அரிசிப் பையைத் தட்டி நேராக்கி வைத்தார். பிறகு ஜெர்மனில் சொன்னார்: "பின்னுதை இல்லை. சின்ன வயதில் சத்தம் கேட்டால் குப்புறப் படுக்கப் பழகினோம்."

திருமதி ஹோல்ஸ்னர் அன்ரனின் தோளில் ஒரு முறை கை வைத்து எடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது. அந்தக் குனிவை எனக்குத் தெரியும். ஊரில் போர்க்காலத்தில் பங்கருக்குள் என் அண்ணன்மாரும் அப்படித்தான் இருப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த என் தோளும் ஒவ்வொரு வெடிக்கும் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது.

திரும்பும் வழியில் காரில், "நீர் கண்டனீரோ? எனக்கே தெரியாது நான் குனியிறன் எண்டு" என்றார்.

"எனக்குத் தெரியும். வருஷக் கடைசியிலை வெடி கொளுத்தேக்கை மட்டும் நீங்கள் நிலவறைக்குச் சோடா எடுக்கப் போறது எனக்குத் தெரியாதோ?"

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப நீர் சரியா அந்த நேரம் பார்த்துச் சம்பலுக்குக் கிரைண்டர் போடுறது?"

இத்தனை வருடமாக ஒரே வீட்டில் ஒரே சத்தத்திலிருந்து, ஆளுக்கொரு பக்கமாக ஒளிந்திருக்கிறோம். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளில் எனக்கு வேலை கிடைத்தது. திருமதி ஹோல்ஸ்னரின் மேற்பார்வையில் தோட்டா போட்டுக் கொடுப்பவள் நான்; சுடுதளத்துக்குள் அதற்குச் சட்டத் தடை இல்லையாம். "கலந்து போடும். எனக்குச் சொல்லாதையும்" என்பார் அன்ரன். உண்மையானது எது, போலி எது என்று அவருக்குத் தெரியாது. வெடிக்குமா வெடிக்காதா என்று தெரியாத உடம்பு, மெல்ல மெல்லக் குனிவதை மறந்தது. முழுவதுமாக அல்ல.

சோளம் பால் கட்டத் தொடங்கிய வாரம் பரீட்சை. இருநூறு மீட்டர், ஐந்து தோட்டா. நான்கு தட்டுக்குள். ஒன்று வெளியே.

"நான்கு போதும். மூன்று கூடப் போடாதவர்களை எனக்குத் தெரியும்" என்றார் திருமதி ஹோல்ஸ்னர்.

நான் எழுந்து கை தட்டப் போனேன். அன்ரன் வேண்டாம் என்று தலையாட்டினார். "ஐந்தாவது தோட்டா படுகிற பன்றி தாடை உடைந்து காட்டுக்குள் ஓடும். எனக்கு முடியாது. பரணை வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றார். சொல்லிவிட்டுத் தோட்டாப் பெட்டியை மூடினார்.

இந்த மனிதருக்கு என்ன பைத்தியமா? தந்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே? ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன்.

திருமதி ஹோல்ஸ்னர் குறித் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்ரன், அந்தப் பரணுக்குக் கால்கள்தான் இருக்கின்றன. வேர் இல்லை" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய டிராக்டர் வந்தது. பரணைக் கட்டி இழுத்து, காற்று எங்களுக்குச் சாதகமான பக்கமாகப் பார்த்து நட்டோம். பன்றி வரும் இடம் இப்போது எண்பது மீட்டர். செலவு? மதியச் சாப்பாடு. பாஸ்மதிதான் சமைத்தேன். புழுங்கலரிசி இன்னும் ஜீன்ஸுக்குள் இருக்கிறது.

பழைய துப்பாக்கியால் குறைந்த செலவில் தூரத்துக் குறியை எப்படிப் பிடிப்பது என்று யாராவது கேட்டால், ஆணியை இறுக்குங்கள், குழலைத் துடையுங்கள், பொருந்தும் தோட்டாவைத் தேடுங்கள் என்று அன்ரன் ஒழுங்காகச் சொல்வார். நான் சொல்வது ஒன்றுதான். இவ்வளவும் செய்த பிறகும் முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். தூரம் தானாகக் குறைய வாய்ப்புண்டு.

நேற்று வேட்டைச் சாமான் கடைக்குப் போனவர், வழக்கமாக வெறுங்கையோடு வருபவர், ஒரு பையோடு வந்தார். இனி வருஷக் கடைசியில் நிலவறையும் இல்லை, கிரைண்டரும் இல்லையாம்... உள்ளே இரண்டு காது மூடிகள்.