மூன்று வருடமாக ஏறாத படிகள்

சந்தையில் தேங்காய் தட்டுவதுபோல, பழைய கட்டிடங்களின் சுவரை நடுவிரலால் தட்டிப் பார்ப்பார் மங்கையற்கரசி. ஓசை பிடித்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். "கல்லெண்டால் இது கல்லு! எங்கடை கொண்டோ அடுக்குமாடியிலை பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் எங்களுக்குத் தடிமன் வருது" என்பார். கேட்பவர் வெள்ளைக்காரராக இருந்தாலும் தமிழில்தான்.

ரொறன்ரோவின் பழைய கட்டிடங்கள் ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிடும் மே மாத வாரஇறுதி அவருக்குத் திருவிழா. தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம், பழைய நகர மண்டபம், ரயில் கொட்டகை என்று எதையும் விடமாட்டார். எங்கு போனாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். நூறு வயதுக் கட்டிடத்தைச் சப்பாத்துக் காலால் மிதிப்பது மரியாதை இல்லையாம். வழிகாட்டிகள் திகைத்து நிற்க, கணவர் இரத்தினவேல் அந்தச் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். "கோயில் வாசலிலையெண்டால் இதுக்கு ஒரு டொலராவது தருவினம்" என்று முணுமுணுப்பார்.

இந்த வருடம் சனிக்கிழமை முழுவதும் மங்கையற்கரசி ஒரு சுவரையும் தட்டவில்லை. ஞாயிறு காலை காரில் ஏறியதும், "அந்தச் சேர்ச்சுக்கு விடுங்கோ" என்றார்.

இரத்தினவேல் காரைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரே மகள் நிலாணி, கிறிஸ்தவத் தமிழ்ப் பையன் கிளிபோட்டைக் கைப்பிடித்த தேவாலயம் அது. "சேர்ச்சுக்குள்ளை நடக்கிற கலியாணம் எனக்குக் கலியாணமில்லை" என்று அன்று பிடிவாதமாகக் காருக்குள்ளேயே இருந்துவிட்டவர் மங்கையற்கரசி. மாலையும் கழுத்துமாக வந்து கண்ணாடியைத் தட்டிய மகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அன்றோடு மகளின் பேச்சும் நின்றுபோனது.

"கட்டிடம் பாக்கவோ போறீர்?"

"இல்லை. பிள்ளையின்ரை கலியாணத்துக்குப் போறன். பிந்திப்போச்சு, கெதியா ஓடுங்கோ."

வாசலில் தொண்டர் அட்டையோடு வருபவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தவர், கிளிபோட்டின் தாய் றோஸ்மேரி. மங்கையற்கரசி குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"இஞ்சை சப்பாத்தோடை வரலாம் அக்கா" என்றார் றோஸ்மேரி.

"பரவாயில்லை. என்ரை பிள்ளை எந்த இடத்திலை நிண்டவள்? அதை மட்டும் காட்டுங்கோ."

சுற்றுலாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு றோஸ்மேரி முன்னே நடந்தார். பீடத்துக்கு முன்னால், வண்ணக் கண்ணாடியின் நிறங்கள் சிந்திக் கிடந்த ஒரு தரைக்கல்லைக் காட்டினார்.

"நிலாணிக்கு ஃபோன் அடிக்கட்டோ, அக்கா?"

"அடியுங்கோ. முதல் நான் குடுக்கவேண்டியதைக் குடுத்திட்டுக் கதைக்கிறன்."

கைப்பையிலிருந்து சிறு டப்பாவை எடுத்தார். மணமக்களைப் பெரியவர்கள் வாழ்த்தித் தூவும் அறுகரிசி, காலையில்தான் கலந்தது. இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டார். முன்னால் வெறும் வெளிதான். ஆனால் அந்தக் கைகள் தடுமாறவில்லை. மெல்ல உயர்ந்து, நிலாணியின் உச்சி எட்டும் உயரத்தில் நின்று, விரிந்தன.